கஞ்சி போட்ட சுவர்

“என் சுவர் எங்கே?”

ஒரு பெண்ணை முதல்முதலாகப் பார்க்கிற ஆண்பிள்ளை கேட்கிற கேள்வியா இது? வஹீத் அதைத்தான் கேட்டான். தலைமயிரிலிருந்து மழைத்தண்ணீர் சொட்ட, பசி வயிற்றைக் கிள்ள, கடையைப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மேலே ஏறி வந்தவன், தன் வீட்டுக் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

கூடத்தில் ஒரு முக்காலி. முக்காலி மேல் ஒரு பெண். கையில் சுரண்டி. தலைத்துணியைப் பின்னுக்கு இழுத்து முடிச்சுப் போட்டிருந்தாள். மூக்கு, புருவம், கன்னம் எல்லாம் நீலத்தூள்... அந்த நீலத்துக்கு நடுவே தேன் நிறத்தில் இரண்டு கண்கள். மழை ஓய்ந்த கடல்மேல் வெயில் விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. இதை நான் சொல்லவில்லை. பிற்பாடு அவனே என்னிடம் சொன்னது. கீழே இஸ்திரிக் கடை வைத்திருக்கிறவனுக்கு இவ்வளவு பேச வரும் என்று எதிர் வீட்டில் இத்தனை வருஷம் குடியிருந்த எனக்கே தெரியாது!

“இதோ இருக்கே...” என்று அவள் சுவரைக் காட்டினாள்.

“இது சுவர் இல்லம்மா. சுவரோட எலும்பு. காலைல நான் போனப்ப இதுக்குத் தோல் இருந்துச்சு.”

“அதான் உரிச்சுட்டேன். ஓதம் ஏறி, எல்லாம் செதில் செதிலா நின்னுச்சு. இன்னும் அந்த மூலை மட்டும்தான் பாக்கி.”

“யாரு உன்னை உரிக்கச் சொன்னா?”

அதற்குள் அவன் அத்தை புஸைனா தேநீர்த் தட்டோடு வந்துவிட்டாள். “வந்துட்டியாடா! பாரு, பொண்ணு எவ்வளவு சுத்தமா வேலை பாக்குது. வருஷக்கணக்கா அந்தச் சுவரைப் பாருடா, பாருடான்னு நானும் கத்துறேன்... ஒருவழியா ஆள் அனுப்பினியே, ஆண்டவனுக்கு நன்றி. குடி கண்ணு, ஆறிடப் போகுது.”

“நான் அனுப்பல அத்தை!”

“அப்புறம் யாரு அனுப்பினா? அரசாங்கமா?”

அப்போதுதான் படிக்கட்டில், மேலேயிருந்து, அந்தக் குரல் இறங்கியது.

“ரிஹாப்! ஏ ரிஹாப்! எங்கே போய்த் தொலைஞ்சே?”

அந்தப் பெண்ணின் கையிலிருந்த சுரண்டி நழுவி, தேநீர்க் கோப்பையை உரசிக்கொண்டு தரையில் விழுந்தது.

“இது... நாலாவது மாடி வலப்பக்கம் இல்லையா?”

“மூணாவது மாடி வலப்பக்கம்.”

“கரண்டு இல்ல... இருட்டுல ஒவ்வொரு மாடியா எண்ணிக்கிட்டுதானே வந்தேன்...”

“திருட்டு மாடியையும் சேர்த்து எண்ணியிருக்கே,” என்றான் வஹீத்.

எங்கள் கட்டிடத்தில், கீழ்க் கடைகளுக்கும் முதல் மாடிக்கும் நடுவில் குள்ளமாக ஒரு தளம் உண்டு. கட்டினவன் கடைகளின் உயரத்தில் கொஞ்சம் திருடி, நடுவில் செருகிவிட்டது. அலெக்சாந்திரியாவில் அந்த மாதிரித் தளத்துக்குத் திருட்டு மாடி என்றே பெயர். யாரும் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வெளிச்சம் இருந்தால், கூரை தலையில் இடிக்கும்போதே தெரிந்துவிடும். ஆனால் அன்றைக்குக் கடலிலிருந்து பருவத்தின் முதல் புயல் ஏறி வந்து எங்கள் பஹரிப் பேட்டை முழுக்க மின்சாரத்தைப் பிடுங்கி வைத்திருந்தது. அவளோ குள்ளம். தலை இடிக்கவே இல்லை.

அவள் முக்காலியிலிருந்து இறங்கினாள். விழுந்த சுரண்டியை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்ததை எதிர் வீட்டுக் கதவிடுக்கிலிருந்தே என்னால் பார்க்க முடிந்தது. (கதவைக் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்தேன்.)

“தயவுசெஞ்சு... உஸ்தா ஹில்மிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இன்னிக்குத்தான் எனக்கு முதல் நாள். ஒரே ஒரு தப்பு பண்ணினாலும் வீட்டுக்குப் போய்க் கீரை நறுக்குன்னு சொல்லித்தான் சேர்த்துக்கிட்டார்...”

அது உண்மை. தொழிற்பள்ளியில் அலங்கார வேலை படித்துப் பட்டயம் வாங்கியவள் ரிஹாப். அதைக் கையில் வைத்துக்கொண்டு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் வேலைக்குப் பெண்ணா என்று எல்லா உஸ்தாவும் சிரித்தார்கள். (கைத்தொழில் தெரிந்த மேஸ்திரி யாரானாலும் எங்கள் ஊரில் உஸ்தாதான்.) ஹில்மி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கடைசி எடுபிடி லிபியாவுக்கு ஓடிப்போயிருந்தான். அவருக்குச் சிரிக்க நேரமில்லை.

வஹீத் அப்போது கத்தியிருக்கலாம். அப்பா காலத்துப் பெயிண்ட், குப்பையாகக் காலடியில் கிடந்தது. கத்த வாயைத் திறந்தும்விட்டான்... அந்தத் தேன் நிறக் கண்களில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது. வாயை மூடிக்கொண்டான்.

“போ. மேலே கூப்பிடுறார்.”

அவள் ஓடினாள்.

“நில்லு! மூஞ்சியைக் கழுவிட்டுப் போ. மேல் வீட்டுச் சுவர் மஞ்சள். நீ நீலமா இருக்கே.”

அவள் திரும்பி நின்று அவனைப் பார்த்தாளே ஒரு பார்வை... அவ்வளவுதான். என்னைக் கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிட்டது. மீதியெல்லாம் இவர்கள் இரண்டு பேருக்கும் விஷயம் புரிய ஆன நாட்கள்.

“நன்றி. ரொம்ப நன்றி. குழாய்த் தண்ணிக்கும் நன்றி. அத்தை, தேத்தண்ணிக்கு நன்றி...”

“நன்றியை வச்சு நான் என்ன பண்ண? சுவரை இருந்தபடி ஆக்கிக் கொடு.”

“ஆக்கித் தர்றேன். சத்தியமா!”

*

சொன்ன சொல் தவறவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி மேலே வேலை முடிந்ததும், உஸ்தாவும் ஆட்களும் டிராமைப் பிடிக்கப் போனதும், அவள் மட்டும் ஏதோ மறந்தவள் மாதிரி திரும்ப ஏறி வருவாள். கதவு அகலத் திறந்திருக்கும். அத்தை சோபாவில் துருக்கி நாடகம் பார்த்துக்கொண்டிருப்பாள். எதிர்க் கதவும் திறந்திருக்கும். ஊர் வாய்க்கு ஒன்றும் கிடைக்கக் கூடாதே என்று நானும் பொறுப்பாக உட்கார்ந்திருப்பேன்.

பகலில் மேலே கற்றதைச் சாயங்காலம் கீழே செய்து பார்த்தாள். மிச்சச் செதிலைச் சுரண்டினாள். சுவரில் பூத்திருந்த உப்பைத் துடைத்து எடுத்தாள். கடல் பக்கத்தில் சுவருக்குள் இறங்குகிற ஓதம் காயும்போது வெள்ளையாக உப்பை விட்டுவிட்டுப் போகும். அதன் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. பெயர்ந்த இடத்தில் புதுப் பூச்சு வைத்தாள். அது காய்ந்தால் பட்டி, பட்டி காய்ந்தால் உப்புத்தாள், அப்புறம் பெயிண்ட்.

காய்ந்ததா என்று பார்க்க அவள் ஒன்று செய்வாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நிற்பாள்.

“என்ன, சுவர் ஏதாவது சொல்லுதா?” என்று வஹீத் கேட்டான் முதல் முறை.

“கண்ணு பொய் சொல்லும், உள்ளங்கை சொல்லாதுன்னு உஸ்தா சொல்வார். எனக்கு இந்தக் கை பேசும்னு நினைக்கிறேன்... வேற ஒண்ணும் எனக்கு வராட்டாலும் இது வரும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “என்னைச் சேர்த்துக்கிட்ட உஸ்தாவுக்கு இதை வச்சுத்தான் நன்றிக்கடன் தீர்க்கணும்.”

கடையில் கூட்டமாக இருக்கிற நேரம் அது. ஆனாலும் இந்த உஸ்தா வஹீத்துக்கு அந்த வேளை பார்த்து மேலே ஏறி வர ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். ஒருநாள் தண்ணீர்ப் பாட்டில். ஒருநாள் மறந்துவிட்ட சில்லறை. ஒருநாள் எதுவுமில்லை. சும்மா வந்து நின்றான்.

இன்னொரு நாள் அவள் வேலை அங்கியைக் கடைக்கு எடுத்துப் போய்த் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்தான். மறுநாள் அவள் வந்த வேகம் இருக்கிறதே!

“என்ன உஸ்தா பண்ணி வச்சிருக்கீங்க? கழட்டி வச்சா தானா நிக்குது! கையில மடிப்பு, காலர்ல மடிப்பு... மேலே ஹில்மி உஸ்தா கேட்கிறார், பட்டி பூச வந்தியா, பெண் பார்க்க வந்தாங்களான்னு!”

“நல்லா இல்லையா?”

“வேலை செய்யவே மனசு வரல. அழுக்காயிடுமேன்னு.” அப்புறம், குரல் இறங்கி: “அதுல ஒரு வாசனை... என்ன அது?”

“கஞ்சியில ரெண்டு சொட்டு ஆரஞ்சுப்பூத் தண்ணி. எங்க கடை வழக்கம். ஊர்ல வேற எவனும் போடமாட்டான்.”

“நன்றி,” என்றாள்.

“நன்றி சொல்லியே ஆளைக் கொன்னுடுவே போல.”

அவள் முகம் அப்போது நீலமாகவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை. சிவப்பாக இருந்தது.

*

காற்று நின்று இரண்டு நாள் வெயில் அடித்தது. அன்று சாயங்காலம் உள்ளங்கையை எடுத்ததும் அவள் துள்ளினாள்.

“காஞ்சிடுச்சு! நாளைக்குப் பட்டி. வெயில் இப்படியே இருந்தா சீக்கிரம் பெயிண்ட். அதோட உங்களுக்குத் தொல்லை விட்டுச்சு உஸ்தா!”

வஹீத் சிரித்தான். சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை என் சமையலறை ஜன்னலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் காற்றுக்காக விட்ட பொந்து. அந்தப் பக்கம் அவர்கள் கூடத்து ஜன்னல். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண் இருக்கிறதே... இந்த ஆள், இஸ்திரிக் கடையில் துணிக்குத் தெளிக்கிற பாட்டிலை எடுத்து வந்து, அத்தை தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, சுவருக்கு முன்னால் நின்று, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுகிற அக்கறையோடு புஸ், புஸ், புஸ் என்று அடித்துக்கொண்டிருந்தான்!

எனக்கு வெங்காயம் நறுக்கின கண்ணில் சிரித்துச் சிரித்துத் தண்ணீர்.

சாயங்காலம் அவள் கையை வைத்தாள். புருவம் சுருங்கியது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“நேத்துக் காஞ்சிருந்துச்சே...”

“கடல் காத்து,” என்றான் பாவி, தரையைப் பார்த்துக்கொண்டே.

“அப்படித்தான் இருக்கும்... மன்னிச்சுக்குங்க. இன்னும் ஒரு நாள் வரணும் போல இருக்கு.”

“பரவாயில்ல... ஒண்ணும் அவசரமில்ல.”

ஒரு நாள் என்பது இரண்டானது. அதற்குள் பெரும்புயலும் வந்துவிட்டது. நவம்பரில் வந்து ஊரையே பெருக்கித் தள்ளிவிட்டுப் போகும், அதனால் அதற்குத் துடைப்பம் என்றே பெயர். டிராம் நின்றது. கடற்கரைச் சாலையில் அலை ஏறியது. அவள் வீட்டுக்குப் போக முடியாமல் மழை விடும்வரை ஜன்னலோரம் நின்றாள். வஹீத் கீழே ஓடி, வண்டிக்காரனிடம் காரமும் எலுமிச்சையும் தூக்கலாகப் போட்ட சூடான கொண்டைக்கடலைச் சாறு வாங்கி, இரண்டு கண்ணாடிக் கோப்பைகளை மழைக்குக் கையால் மூடிக்கொண்டு வந்தான். கோப்பை கைமாறும்போது விரல் பட்டது... பட்டதா, படவில்லையா... அந்த இடத்தில் நாடகத்தின் சத்தத்தை அத்தை ஏன் குறைத்தாள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

“சூடா இருக்கா?”

“ம்... நன்றி.” ஆவிக்குப் பின்னால் அந்தக் கண்கள். ‘மழை விடாம இருக்கட்டுமே’ என்று அவளும் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டுக் கடலையை எண்ணத் தொடங்கினாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் இவன் புத்திசாலி. நிறுத்தவில்லை. புயல் போய், வானம் கழுவிவிட்ட மாதிரி ஆன பிறகும், காலையானால் புஸ், புஸ்.

*

அவள் சிரிப்பது குறைந்ததை நான்தான் முதலில் கவனித்தேன்.

மேலே என்ன நடந்தது என்பது, உஸ்தா ஹில்மியின் தொண்டை உபயத்தில், கட்டிடம் முழுவதற்கும் தெரியும். மேல் வீட்டுக் கூடத்தைக் காட்டி, “கை வச்சுச் சொல்லு, பட்டி போடலாமா?” என்று அவளைக் கேட்டிருக்கிறார். காய்ந்துவிட்டது என்று கை சொன்னது. ஆனால் கீழ் வீட்டில் அதே கை சாயங்காலம் ஒன்று சொல்கிறது, மறுநாள் வேறொன்று சொல்கிறதே! அந்தக் கையை எப்படி நம்புவது? “ஓதம் இருக்கு உஸ்தா” என்று சொல்லிவிட்டாள். ஆட்கள் எல்லோரும் ஒரு நாள் சும்மா உட்கார்ந்தார்கள். மறுநாள் அவரே வந்து கை வைத்துப் பார்த்தார்.

“இது நேத்தே காஞ்ச சுவர்! கல்லு மாதிரி காஞ்சிருக்கு! சுவர் பேசாத கைக்கு இந்த வேலை வராதும்மா...” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. மீதியை அவளே சொல்லிக்கொண்டு படி இறங்கி வந்தாள்.

அன்று வஹீத் முன்னால் வந்து நின்றபோது அவள் கையில் சுரண்டி இல்லை. பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

“உஸ்தா வஹீத்... உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்த முடியல. ஹில்மி உஸ்தாகிட்ட சொல்லி ஒரு நல்ல ஆளை அனுப்பச் சொல்றேன். எல்லாத்தையும் சொல்லிட்டு, நாளையோட நின்னுக்கிறேன்.”

“நின்னுக்கிறேன்னா?”

“திரும்பப் பொத்தானுக்கே போறேன். அதுல ஓட்டை நாலு இருக்கான்னு பார்த்தா போதும்.” சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. “இந்த வேலைக்குன்னு கை வேணும். எனக்கு இருக்குன்னு நெனச்சேன். இல்ல. நீங்க அன்னிக்குக் காட்டிக் கொடுக்காம விட்டீங்க, அதை நான் மறக்கமாட்டேன். அத்தைக்கும் நன்றி.”

சொல்லிடு, சொல்லிடு என்று வஹீத்தின் நெஞ்சு இடித்தது. சொன்னால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அவள் கடைசியாகச் சுவரிடம் போனாள். கையை வைத்தாள். அப்புறம் களைத்துப்போய் நெற்றியையும் அதன்மேல் சாய்த்தாள். அப்படியே ஒரு நிமிஷம்...

தலையை நிமிர்த்தினாள். மூக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

ஆரஞ்சுப்பூ.

விரலால் தேய்த்தாள். வழுவழு. பக்கவாட்டில் குனிந்து வெளிச்சத்தில் பார்த்தாள். கடல் ஓதம் காய்ந்தால் உப்புப் பூக்கும். இந்தச் சுவரில் உப்பே இல்லை. புதுச் சட்டைக் காலர் மாதிரி மினுமினுத்தது. நகத்தால் கீறினால் மொடமொடவென்று உரிந்து வந்தது.

“கஞ்சி,” என்றாள் மெதுவாக. “சுவருக்குக் கஞ்சி போட்டிருக்கீங்க.”

“ரிஹாப்... நீ வராம போயிடுவியோன்னு...”

“ஊர்த் துணியையெல்லாம் காயவைக்கிற ஆளு, என் சுவரை நனைச்சிருக்கீங்க!” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. “எனக்குன்னு இருந்தது இந்தக் கை ஒண்ணுதான் உஸ்தா. அது சரியாத்தான் சொல்லியிருக்கு... நான்தான் நம்பல. உங்க விளையாட்டுக்காக என் கையை நானே நம்பாம போனேன்.”

படியிறங்கிப் போனாள். எத்தனையோ நாளாக வந்து போகிறாள். அன்றைக்குத்தான் நன்றி சொல்லாமல் போனாள்.

அத்தை தொலைக்காட்சியை அணைத்தாள். “டேய்,” என்றாள், “உன் அப்பனும் இப்படித்தான். பேச வேண்டிய இடத்துல ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணுவான். போய்ப் பேசு.”

*

மறுநாள் காலை குப்பைக்கூடையோடு நான் நாலாவது மாடிக்கு ஏறியதற்குக் காரணம் கேட்காதீர்கள். குப்பை கீழேதான் போடுவது, எனக்கும் தெரியும்.

ரிஹாப் உஸ்தா ஹில்மி முன்னால் நின்றாள். “உஸ்தா, நான் ஒண்ணு சொல்லணும். முதல் நாள் நான் மழையால லேட்டா வரல...”

“நான் சொல்றேன்!” மூச்சிரைக்க வஹீத் உள்ளே நுழைந்தான். கையில் அந்தப் பாட்டில்.

“யாருப்பா நீ?”

“கீழ் வீடு. தப்பு என்மேல. இந்தப் பொண்ணை நான்தான் படியில நிறுத்தி, என் வீட்டுச் சுவரைச் சுரண்டிக் கொடுன்னு கெஞ்சினேன். அது பாவம், இரக்கப்பட்டு...”

“பொய்!” என்றாள் ரிஹாப். “இவர் என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றார். நான்தான் இருட்டுல திருட்டு மாடியைச் சேர்த்து எண்ணி, தப்பான வீட்டுக்குப் போய்ச் சுரண்டினேன்.”

“நீ சும்மா இரு.”

“நீங்க சும்மா இருங்க.”

“ரெண்டு பேரும் சும்மா இருங்கடா!” ஹில்மி காதைப் பொத்திக்கொண்டார். “அந்தப் பாட்டில்ல என்ன?”

“கஞ்சி,” என்றான் வஹீத். முகம் இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடேறிச் சிவந்தது. “இவ காயவச்ச சுவரை நான் தினம் இதால நனைச்சேன் உஸ்தா. சுவர் காஞ்சிட்டா இவ வரமாட்டா. அதான். இவ கை ஒரு நாளும் தப்பாச் சொல்லல. தப்பா இருந்தது என் கை.”

ஆட்களில் ஒருவன் வாயில் உப்புத்தாளை வைத்துச் சிரிப்பை அடக்கினான்.

ஹில்மி அவளைப் பார்த்தார். “முந்தாநாள் இந்தச் சுவர்... உன் கை என்ன சொல்லுச்சு?”

“காஞ்சிருக்குன்னுதான் சொல்லுச்சு உஸ்தா.”

“அப்புறம் ஏன் ஓதம்னே?”

அவள் பாட்டிலைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

எல்லோரும் கீழே இறங்கினோம். நானும்தான். ஹில்மி சுவர் முன்னால் நின்றார். உள்ளங்கையை ஓட்டினார். மூலையில் குனிந்தார். கதவு நிலை ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார்.

“இந்த மூலையெல்லாம் சுரண்டினது யாரு?”

“நான்தான்.”

“முதல் நாளேயா?”

“ஆமா உஸ்தா... ஒரு மூலை மட்டும் மறுநாள்.”

அவர் தன் ஆட்களிடம் திரும்பினார். “பார்த்தீங்களாடா? ஒரு செதில் விடல. நீங்க சரியான வீட்டுல தப்பான வேலை பாக்குறீங்க. இது தப்பான வீட்டுல சரியான வேலை பார்த்திருக்கு.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒரு தப்புன்னுதான் சொல்லியிருந்தேன். எண்ணத் தெரியாதது தப்புதான். ஆனா எண்ணுறதுக்கா நான் உன்னைச் சேர்த்தேன்? போய் மேலே பட்டியைக் குழை. இனிமே சுவர் காஞ்சுதான்னு நீ சொல்லு, நான் கேக்குறேன்.”

நன்றி என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் பார்க்காத மாதிரி வஹீத் பக்கம் திரும்பிவிட்டார்.

“கஞ்சியைப் போட்டவன் கஞ்சியை எடுக்கணும். வெந்நீர், துணி, உப்புத்தாள். அவ சொல்ற மாதிரி. இந்தச் சுவர் முடியுற வரைக்கும் நீ அவளுக்கு எடுபிடி. புரியுதா?”

“புரியுது உஸ்தா,” என்றான், பரிசு வாங்கினவன் மாதிரி.

*

ஆனால் அது பரிசாக இருக்கவில்லை. சாயங்காலம் சாயங்காலம் வந்தாள். ‘மேலே’, ‘கீழே’, ‘இன்னும் அழுத்தி’, ‘திரும்பத் துடைங்க’... இதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. அவன் வெந்நீரில் கை சிவக்கச் சிவக்கத் துடைத்தான். உப்புத்தாளில் விரல் நுனி தேய்ந்தது. முக்காலி மேல் இவன், கீழே இடுப்பில் கை வைத்து அவள்.

ஒருநாள் அவன் விரலில் ரத்தம் கசிந்தது. அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து துணிக்கிழிசலை எடுத்துச் சுற்றிக் கட்டினாள்.

“நன்றி,” என்றான் அவன்.

“நன்றியை வச்சு நான் என்ன பண்ண?” என்றாள். சொன்ன பிறகுதான், அந்த வார்த்தையை முதலில் யார் சொன்னது என்று இருவருக்கும் நினைவு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். ஆனால் நான் பார்த்தேன். சிரிப்புத்தான்.

பட்டி ஏறியது. தேய்த்து மழுக்கினாள். பெயிண்டும் ஏறியது. அப்பா காலத்து நீலத்தையே அத்தை கேட்டாள். ரிஹாப் அதில் கொஞ்சம் வெள்ளையும் துளி பச்சையும் சேர்த்துக் குழைத்தாள். மழை விட்ட மறுநாள் காலைக் கடல் மாதிரி ஒரு நிறம் வந்தது.

கடைசிச் சாயங்காலம். வெளியே தூறல். அவள் கையைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடினாள்.

“காஞ்சிடுச்சு,” என்றாள்.

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நாள் பூரா தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன்... காயக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு.”

“பாட்டில் எங்கே?”

“அத்தைகிட்ட கொடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லிட்டேன். எனக்கு என் கைமேல நம்பிக்கை இல்ல.”

சோபாவிலிருந்து அத்தை, “என்கிட்டதான் இருக்கு!” என்றாள், கண்ணை நாடகத்திலிருந்து எடுக்காமல்.

மழை ஜன்னலில் தட்டியது. வஹீத் கட்டுப்போட்ட விரலைத் தடவிக்கொண்டு நின்றான்.

“ரிஹாப்... எனக்குப் பேச வராது. ஊர்த் துணியில இருக்கிற சுருக்கம் எல்லாத்தையும் எடுத்திடுவேன். வாயைத் திறந்தா என் பேச்சு மட்டும் கசங்கிப் போயிடுது.” மூச்சை இழுத்துக்கொண்டான். “இந்தச் சுவர் முடிஞ்சிடுச்சு. இனிமே நீ வர்றதுக்கு ஒரு காரணமும் இல்ல. காரணம் இல்லாம... வருவியா? எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. முதல் நாள், மூஞ்சியெல்லாம் நீலமா நின்னியே... அப்பவே பிடிச்சுப்போச்சு.”

அவள் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நன்றி,” என்றாள்.

அவன் விழித்தான். “நன்றின்னா... வருவேன்னா? மாட்டேன்னா?”

“முடிக்க விடுங்க! அன்னிக்கு மூஞ்சியைக் கழுவிட்டுப் போன்னு சொன்னீங்களே, அதுக்கு நன்றி. எல்லார் முன்னாலயும் எனக்காகப் பொய் சொன்னீங்களே, அதுக்கு. அப்புறம் எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொன்னீங்களே... அதுக்கு ரொம்ப. என் கையை எனக்கே திருப்பிக் கொடுத்தீங்க.” தேன் நிறக் கண்கள் இப்போது நேராக அவன்மேல். “நானும் சொல்லிடறேன். அந்தப் புயல் அன்னிக்கு மழை விடக் கூடாதுன்னு நான்தான் வேண்டிக்கிட்டேன். சுவரை நனைக்கணும்னு எனக்குத் தோணல, அவ்வளவுதான் வித்தியாசம்.”

சோபாவில் அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாடகத்தில் அப்போது விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு எங்க வீட்டுக்கு வாங்க,” என்றாள் ரிஹாப், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. “அத்தையைக் கூட்டிக்கிட்டு வாங்க. எங்க அம்மா இருப்பாங்க, மாமாவும் வருவார். சட்டைக்கு நல்லாக் கஞ்சி போட்டுக்கிட்டு வாங்க. கஞ்சி போட வேண்டிய இடம் அதுதான்.”

“உஸ்தா சொன்னா சரி.”

“எந்த உஸ்தா? அவர் எப்பவோ டிராம் பிடிச்சுப் போயிட்டாரே.”

“உஸ்தா ரிஹாப்,” என்றான்.

அவளை அப்படி யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. வாசலைத் தாண்டின கால் ஒரு கணம் நின்றது. முகத்தைக் காட்டாமல் இறங்கிப் போய்விட்டாள்.

இதெல்லாம் அத்தை பிற்பாடு சொன்னது; நான் அப்போது ரொட்டி வாங்கிக்கொண்டு கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தேன். (இது நிஜமாகவே தற்செயல்.) திருட்டு மாடியில் விளக்கு எரிந்தது. அவள் அங்கே நின்று, கையை உயர்த்தி, குள்ளமான அந்தக் கூரையில் உள்ளங்கையை வைத்திருந்தாள். கண் மூடியிருந்தது.

ஓதம் பார்க்கிறாளோ என்று நினைத்தேன். இல்லை.

“நன்றி,” என்று கூரையிடம் சொல்லிவிட்டு, மழைக்குள் ஓடினாள்.